நூறு வயதுக்கு முந்நூறு கிராம்

மாரண்டஹள்ளி தக்காளி மண்டியில், சித்திரை இரண்டாம் வாரம், நாற்பத்தேழாவது பெட்டியைத் தராசில் ஏற்றியபோது நூறு வயது வரை வாழ்வதென்று எடைக்காரர் சின்னராஜ் முடிவு செய்தார். நாற்பத்தெட்டாவது பெட்டி ஏறுவதற்குள், எப்படி வாழ்வது என்பதும் முடிவாகிவிட்டது. எந்த முடிவுக்கும் அவருக்கு ஒரு பெட்டிக்கு மேல் நேரம் பிடிக்காது. அதை வீட்டில் சொல்வதற்குத்தான் நேரம் பிடிக்கும்.

காரணம் இல்லாமல் இல்லை. வருகிற ஆடி ஒன்றாம் தேதி அவருக்கு அறுபது நிறைகிறது. நிறைந்தால் அறுபத்தொன்று நடக்க ஆரம்பித்துவிடும். அவருடைய அப்பா அறுபத்தொன்று நடக்கும்போதுதான் போனார். அண்ணனும் அதே அறுபத்தொன்றில், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் போனார். தோட்டத்தில் மடை திருப்பிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து அந்த எண்ணைக் கண்டாலே சின்னராஜுக்கு ஆகாது. மூன்று பெட்டியைச் சேர்த்துப் போட்டு அறுபத்தொன்று விழுந்தால், மேலிருந்து ஒரு தக்காளியை எடுத்துக் கீழே வைத்துவிட்டுத்தான் எடையைச் சொல்வார். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. பயந்துபோயிருந்தார், அவ்வளவுதான்.

வழியைக் காட்டியது அருண்குமாரின் போன். சின்னராஜ் கூவுகிற எடையை நோட்டில் எழுதுகிற, நாற்பது வயதான மனிதர் அருண்குமார். எழுதாத நேரமெல்லாம் போன் பார்ப்பார். அன்றைக்கு அதில் ஒரு டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். எலிகளுக்குச் சாப்பாட்டைக் குறைத்தார்களாம், அவை கூடுதல் நாள் இருந்தனவாம். குரங்குகளிடமும் பார்த்தார்களாம். ஒரு கூட்டம் ஆமாம் என்றதாம், இன்னொரு கூட்டம் அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லையாம். மனுஷர்களை இரண்டு வருஷம் வைத்துப் பார்த்தார்களாம். கால் பங்கு குறைக்கச் சொன்னால் அதில் பாதிதான் குறைத்தார்களாம், மனுஷர்கள் அல்லவா. அப்படியும் ரத்தமும் கொழுப்பும் தேவலையாகி, உடம்பு கொஞ்சம் நிதானமாக எரிந்து, கிழடு தட்டுகிற வேகம்கூடச் சற்றுக் குறைந்த மாதிரி தெரிந்ததாம். டாக்டர் “ஆனால்” என்று ஆரம்பிக்கும்போது வண்டி வந்துவிட்டது. அந்த ஆனாலுக்கு அப்புறம் என்ன என்று சின்னராஜ் கேட்கவே இல்லை.

எடை என்றால் அவருக்குப் பெருமை. முப்பது வருஷமாக அந்தத் தராசில் அவரை யாரும் ஏமாற்றியதில்லை. பச்சை மிளகாய் மூட்டையைத் தொட்ட மாத்திரத்தில் சாக்கை நனைத்திருக்கிறார்களா என்று சொல்லிவிடுவார். நனைத்திருந்தால் கொண்டுவந்தவரை ஒரு பார்வை பார்த்து, “தண்ணியையும் சேத்து எடை போடறவன் எடைக்காரனே இல்லீங்க” என்று சொல்லி மூட்டையை வெயிலில் வைக்கச் சொல்வார். இந்த வாசகத்தை அவர் வீட்டிலும் சொல்வார். சாப்பிடும்போது சொல்வார், செய்தி பார்க்கும்போது சொல்வார். அவர் மனைவி தீர்த்தம்மாளுக்கு அது மனப்பாடம்.

அன்று மதியம் மண்டியில் சும்மா கிடந்த சின்னத் தராசு ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கி, துண்டில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தீர்த்தம்மாள் அப்போதுதான் ராகிக்களியைக் கிண்டி இறக்கி, ஈரக்கையால் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். சின்னராஜ் தராசை அடுப்படியில் வைத்து, தொண்டையைச் செருமினார்.

“தீர்த்தம்மா, இன்னையில இருந்து கால் பங்கு குறைச்சுத்தான் சாப்புடுவேன்.”

“எதுலங்க?”

“எல்லாத்துலயும்.”

“குழம்புலயுமா?”

“குழம்புல என்ன கெடக்குது. களிதான் முக்கியம். அதுலதான் கலோரி இருக்குது.”

“கலோரின்னா என்னங்க?”

சின்னராஜ் சம்மணம் போட்டு உட்கார்ந்து விளக்கினார். உடம்பு ஒரு அடுப்பு, சாப்பாடு விறகு. விறகைக் கொஞ்சமாக வைத்தால் அடுப்பு சின்னதாக எரியும். சின்னதாக எரிகிற அடுப்பில் பாத்திரம் கரி பிடிக்காது, ரொம்ப நாள் உழைக்கும். அடுப்பையும் பாத்திரத்தையும் பற்றி முப்பத்திநான்கு வருஷமாக அவற்றோடு கிடக்கும் தீர்த்தம்மாளுக்கு அவர் பாடம் நடத்தினார். தீர்த்தம்மாளும் புதிதாகக் கேட்பவரைப் போல் தலையாட்டிக்கொண்டு கேட்டார்.

“இப்ப நீங்க சாப்புடறது முழுச் சாப்பாடுதானுங்களே?” என்று மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

“பின்ன? முப்பது வருசமா மதியம் ரெண்டு உருண்டை, ராவுக்கு ஒண்ணு. அளவு மாறுனதே இல்ல. இந்த பெல்ட்டப் பாரு, அதே ஓட்டைதான்.”

தீர்த்தம்மாள் பெல்ட்டைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஆமாங்க, அதே ஓட்டைதான். சரிங்க, குறைச்சுக்கலாம்.”

உருண்டையைத் தராசில் வைத்தார்கள். நானூறு கிராம். சின்னராஜ் ஒரு ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி எடுத்து முந்நூறுக்குக் கொண்டுவந்தார். இனி எந்த உருண்டையும் முந்நூறுதான், ஒரு கிராம் கூடாது. தீர்த்தம்மாள் மறுபேச்சு பேசாமல் ஒத்துக்கொண்டார். முப்பத்திநான்கு வருஷத்தில் மறுபேச்சில்லாமல் கிடைத்த முதல் சரி அது. வேறு ஆளாக இருந்தால் அந்த இடத்திலேயே உஷாராகியிருப்பார்.

வீட்டுக்குச் சொல்லாத ஒன்றும் அவர் முடிவில் இருந்தது. மண்டிக்கு எதிரே கனிமொழி என்கிற அம்மாளின் டீக்கடை. அங்கே தினம் பதினோரு மணிக்கு ஒரு டீயும் இரண்டு போண்டாவும் சாப்பிடுவார். பத்துப் பன்னிரண்டு வருஷமாகத்தான் இந்தப் பழக்கம். அதற்கு முன் அந்த நேரத்தில் பசித்ததே இல்லை. திடீரென்று ஒரு வருஷம் பசிக்க ஆரம்பித்தது, ஏன் என்று அவரும் யோசித்ததில்லை. வீட்டுக்கு வெளியே தின்பதை வீட்டில் சொல்ல வேண்டியதில்லை என்பது அவர் கொள்கை. தீர்த்தம்மாளுக்குத் தெரியாத ஒரே விஷயம் உலகத்தில் அந்தப் போண்டாதான் என்று அவருக்கு ஒரு தனிச் சந்தோஷமும் உண்டு. நூறு வயதுக்காக அந்தப் போண்டாவையும் விட்டார்.

முதல் வாரம் பசித்தது. இரண்டாவது வாரம் பசி வேறு எதுவாகவோ மாறிவிட்டது. மூன்று மணி வாக்கில் மண்டி ஓய்ந்து, காலிப்பெட்டிகளை அடுக்கி முடித்தபின், அவர் சாக்கின் மேல் சாய்ந்து உட்கார்வார். தூரத்தில் மலை வெயிலில் கரைந்து நீலமாகத் தெரியும். ஓசூர் பஸ் போகிற சத்தம் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதைப் போலக் கேட்கும். கூட்டாமல் கிடந்த தக்காளிகளின் சிவப்பு மெல்ல மெல்லப் பரவி, தரை முழுக்கச் சிவந்து, சுவரும் சிவந்து, கடைசியில் கண்ணை மூடினாலும் உள்ளே சிவப்பாக இருக்கும். உடம்பு எடையே இல்லாமல் லேசாகிவிடும். இப்போது தராசில் ஏறினால் முள் அசையாது என்று தோன்றும்.

அந்த நேரத்தில்தான் நூறு வயது வரும். அவர் அதைக் கண்ணால் பார்த்தார். நரைத்த மீசையோடு, நிமிர்ந்த முதுகோடு, இதே மண்டியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தராசெல்லாம் போய்விட்டது, அவர் தக்காளியைப் பார்த்தே எடை சொல்கிறார். அப்பாவும் அண்ணனும் வாசலில் நிற்கிறார்கள், இரண்டு பேருக்கும் அதே அறுபத்தொன்று. “நீ எப்புடிடா தாண்டுன?” என்று அண்ணன் கேட்கிறார். சின்னராஜ் பதில் சொல்வதற்குள் பக்கத்திலிருந்து ஒரு கை களித்தட்டை நீட்டுகிறது. கண்ணாடி வளையல் இரண்டு, அதில் ஒன்றில் மாட்டிய ஊக்கு. கையை மட்டும்தான் பார்த்தார், அதற்கு மேல் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. அண்ணனிடம் தன் பெருமையைச் சொல்வதிலேயே குறியாக இருந்தார்.

கனவு அழகாகத்தான் இருந்தது. ஆனால் அக்கினி நட்சத்திரத்து வெயிலில் ஊரே விசிறிக்கொண்டிருந்தபோது அவர் போர்வை கேட்டார். எழுந்து நின்றால் சுவர் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. எடையை இருபத்திமூன்று என்று சொல்வதற்குப் பதில் முப்பத்திரண்டு என்று கூவினார், அருண்குமார் நல்லவேளை எழுதவில்லை. குளிருகிறது என்கிறாரே என்று தீர்த்தம்மாள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தபோது அவர் பெருமையாகச் சிரித்தார். அடுப்பு சின்னதாக எரிய ஆரம்பித்துவிட்டது, அதற்கு இதுதான் அடையாளம் என்றார். தீர்த்தம்மாள் கையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அன்று அடுப்படியில் வெகுநேரம் போனில் யாருடைய பேச்சோ கேட்டது.

மூன்றாவது வாரத்தில் ஓர் அதிசயம் நடந்தது. பசி போய்விட்டது. குளிர் போய்விட்டது. சுவர் நின்ற இடத்தில் நின்றது. அதே முந்நூறு கிராம் உருண்டைதான், தினம் அவர் கையாலேயே எடை போட்டுத்தான் சாப்பிட்டார், ஆனால் வயிறு கம்மென்று இருந்தது. உடம்பு பழகிவிட்டது என்று சின்னராஜ் முடிவு கட்டினார். கொஞ்சமாக விறகு வைத்து நிறையச் சமைக்கிற வித்தையை அது கற்றுக்கொண்டது.

அதற்கப்புறம் மண்டியில் அவர் பேச்சு வேறு மாதிரி ஆயிற்று. தக்காளி கொண்டுவந்தவர்களுக்கு எடையோடு உபதேசமும் கிடைத்தது. ஐந்தாறு பேர் அவரைப் பார்த்துச் சாப்பாட்டைக் குறைத்தார்கள். அவ்வளவு தேறிவிட்ட உடம்புக்கு இரண்டு போண்டா ஒன்றும் செய்யாது என்று ஆனி மாதம் பிறந்தபோது அவருக்குத் தோன்றியது. தோன்றியதும் எதிர்ப்பக்கம் போனார். கடையில் கனிமொழி இல்லை, அவர் வீட்டுக்காரர்தான் போண்டா போட்டுக்கொண்டிருந்தார். கனிமொழி போடுவதைவிடப் பெரிதாகவே இருந்தது. மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும் போனார்.

ஆடி ஒன்றாம் தேதி காலையில் அறுபது நிறைந்தது. மண்டிக்காரர்கள் ஒரு துண்டு போர்த்தினார்கள். சீடர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஆரம்பித்த அன்று பெரிய தராசில் நின்று பார்த்தபோது எழுபத்தொன்றரை இருந்ததை அருண்குமார் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். இப்போது எல்லார் முன்னாலும் ஏறிக் காட்ட வேண்டும் என்றார்கள். சின்னராஜ் செருப்பைக் கழற்றினார், சட்டைப்பையில் இருந்த சாவியையும் எடுத்துக் கொடுத்தார், நேர்மையான எடைக்காரர். ஏறினார்.

எழுபத்திமூன்று கிலோ எண்ணூறு.

தராசு கெட்டுப்போச்சு என்றார் சின்னராஜ். இருபது கிலோ படிக்கல்லை எடுத்துவந்து வைத்தார், இருபது காட்டியது. இரண்டு கல் வைத்தார், நாற்பது காட்டியது. முப்பது வருஷமாக அந்தத் தராசுக்காக ஊரோடு சண்டை போட்டவர் அவர். அதைப் பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. உபதேசம் கேட்ட ஒருவர் சத்தமில்லாமல் எதிர்க்கடைக்குப் போய் போண்டா சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அறுபத்தொன்று கூடவே நடந்து வந்தது. மூன்று மாதம் குறைத்தும் ஏறுகிறது என்றால் இந்த உடம்பு யார் பேச்சையும் கேட்காத உடம்பு, அப்பாவைக் கொண்டுபோன உடம்பு, அண்ணனைக் கொண்டுபோன உடம்பு. அவருக்குக் கண் கலங்கியது. கொல்லைப்பக்கமாக வந்தவர் அடுப்படி ஜன்னலோரம் மூச்சு வாங்க நின்றார்.

உள்ளே தீர்த்தம்மாள் களி கிண்டிக்கொண்டிருந்தார். கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டி, துடுப்பால் ஓங்கி ஓங்கிக் கிண்டினார். மாவுக் கிண்ணத்தில் ஒரு கிண்ணம் போட்டார், இன்னொன்று போட்டார், தலைதட்டி மூன்றாவதும் போட்டார். துடுப்பு நகரவே சிரமப்பட்டது. அவ்வளவு கெட்டியான களி. ஜன்னலில் நின்ற எடைக்காரருக்கு நனைத்த சாக்கு ஞாபகம் வந்தது. இது அதற்குத் தலைகீழ்.

“இத்தனை மாவா போடற?”

தீர்த்தம்மாள் திரும்பிப் பார்த்தார். திடுக்கிடவில்லை.

“உருண்டை முந்நூறு கிராம்தானுங்க. வேணும்னா தராசுல வெச்சுப் பாருங்க.”

“முந்நூறு கிராமுக்குள்ள எவ்வளவு மாவு?”

“அத நீங்க கேக்கலையே. நீங்கதான சொல்லுவீங்க, தண்ணியையும் சேத்து எடை போடறவன் எடைக்காரனே இல்லன்னு.”

சின்னராஜ் உள்ளே வந்து உட்கார்ந்தார். நின்றுகொண்டு கேட்கிற விஷயமாக அது இல்லை. தன் உசிரோடு விளையாடலாமா என்று குரல் உடைந்து கேட்டார். நூறு வேண்டாம், அறுபத்தொன்றைத் தாண்டினால் போதும் என்றுதான் இத்தனையும் செய்ததாகச் சொன்னார். இதை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

தீர்த்தம்மாள் துடுப்பை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“எனக்குத் தெரியாதாங்க? உங்க அண்ணன் காரியம் முடிஞ்ச அன்னைக்கே சாப்பாட்டக் குறைங்கன்னு சொன்னேன். உழைக்கிற உடம்புன்னு கத்துனீங்க. சரி, இவருகிட்டச் சொல்லிப் பிரயோசனம் இல்லைன்னு அன்னைக்கே மாவக் குறைச்சேன். மொதல்ல ஒரு பிடி. உங்களுக்குத் தெரியல. அடுத்த வருசம் இன்னொரு பிடி. தண்ணிய ஏத்தி, களியக் கொழகொழன்னு கிண்டி, கீரைய அதிகமா வெச்சேன். உருண்டை மட்டும் அதே பெருசு. பன்னண்டு வருசமா நீங்க குறைச்சுத்தான் சாப்புட்டுகிட்டு இருக்கீங்க.”

சின்னராஜின் கை தானாகப் பெல்ட்டுக்குப் போனது. அதே ஓட்டை. போன தை மாதம் மருத்துவ முகாமில் சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை என்று சொன்னபோது, எங்க வம்சம் அப்படி என்று நர்சிடம் பெருமையடித்தது ஞாபகம் வந்தது.

மீதியைத் தீர்த்தம்மாள் நிதானமாகச் சொன்னார். ஏற்கெனவே குறைத்த களியில் அவர் வந்து கால் பங்கு கிள்ளினார். கத்திரி வெயிலில் போர்வை கேட்டார். பயந்துபோய், அருண்குமாரிடம் கேட்டு அதே டாக்டர் பேச்சைப் போனில் கடைசிவரை கேட்டாராம். ஆனால் என்பதற்கு அப்புறம் நிறைய இருந்ததாம். வயதானவர்கள் தாங்களாக அளவுக்கு மீறிக் குறைத்தால் சதை கரையும், எலும்பும் தேயும், முதலில் டாக்டரைப் பாருங்கள் என்றாராம். அதனால் கிள்ளியதை மாவாக உள்ளே திருப்பி வைத்தார். தராசுக்கு மாவும் தெரியாது, தண்ணீரும் தெரியாது. நீங்களும் கேட்கவில்லை, என்றார்.

“அப்ப நீ என்ன சாப்புட்ட, இந்தப் பன்னண்டு வருசமா?”

“ஒரே சட்டிதானுங்க.”

சின்னராஜ் அந்தக் கையைப் பார்த்தார். கண்ணாடி வளையல் இரண்டு, ஒன்றில் ஊக்கு. நூறு வயதுக் கனவில் களித்தட்டை நீட்டிய கை. அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில் பக்கத்திலேயேதான் நின்றிருக்கிறது, திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, சொல்ல முடியாத நிம்மதியாகவும் இருந்தது. நாளையிலிருந்து பழையபடியே கிண்டு என்றார். எத்தனை கிண்ணம் மாவு என்று கேட்கவில்லை. அது தனக்குத் தெரியாமல் இருப்பதுதான் தன் ஆயுசுக்கு நல்லது என்று அவருக்குப் பட்டுவிட்டது.

சாயங்காலம் தெருவெங்கும் ஆடி முதல் நாளுக்குத் தேங்காய் சுட்டார்கள். நாரெல்லாம் உரித்து, கண்ணில் ஓட்டை போட்டு, உள்ளே வெல்லமும் எள்ளும் பாசிப்பருப்பும் அடைத்து, குச்சியில் செருகி நெருப்பில் காட்டினார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு சின்ன நெருப்பு. புகை மேலே போய் ஒன்றாகக் கலந்து தெருவின் மேல் தொங்கியது, அதில் வெல்லம் காய்கிற வாசனை. சின்னராஜ் வாசலில் உட்கார்ந்து தேங்காயைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். அப்பாவும் அண்ணனும் புகைக்கு அந்தப் பக்கம் நிற்பது போலிருந்தது. இந்தத் தடவை அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்ல நடந்து போனார்கள். அறுபத்தொன்று அவ்வளவு மோசமான எண்ணாகத் தெரியவில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் மனத்தை நெருடியது. கிள்ளியதைத் திருப்பி வைத்தார் என்றால் எடை பழைய இடத்தில் அல்லவா நிற்க வேண்டும். மேலே இரண்டு கிலோவும் சொச்சமும் எங்கிருந்து வந்தது? யோசித்த மாத்திரத்திலேயே அவருக்கு விடை தெரிந்துவிட்டது. தெரிந்ததும் நெருப்பைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டார். களி போனது, தராசு போனது, ஆயுசும் அவள் கையில் போனது. போகட்டும். போண்டா ஒன்று மிஞ்சியிருக்கிறது, அது தன் சொந்தம்.

தீர்த்தம்மாள் வெந்த தேங்காயைத் தட்டி உடைத்து, பெரிய சில்லை அவர் கையில் வைத்தார்.

“இந்த ரெண்டு கிலோ என் தப்புதானுங்க,” என்றார். “பதினோரு மணி போண்டாவையும் சேத்துத்தான் எப்பவும் மாவு போடுவேன். நீங்க நிறுத்துனப்ப அதுக்குன்னு ரெண்டு பிடி கூடப் போட்டேன். மறுபடி ஆரம்பிச்சது எனக்குத் தெரியல. மவ பிரசவத்துக்குன்னு ஓசூர் போயிருந்த கனிமொழி, இன்னைக்குச் சாயங்காலம்தான் வந்து சொன்னா.”